கோணம் சொன்ன சேதி: ராமன் குடும்பமும் விண்ணிலிருந்து வந்த வானொலி அலைகளும்

குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஏரியல் திருப்பிய கதை ஒன்றாவது இருக்கும். தகரக் கூரைக்கு மேலே, நீளமான கழியின் உச்சியில் அந்த அலுமினியக் கம்பிகள் நிற்கும். அப்பா கழியைப் பிடித்துத் திருப்புவார். வீட்டுக்குள்ளிருந்து பிள்ளைகள், "வருதுப்பா, வருதுப்பா... ஐயோ போயிருச்சு!" என்று கத்துவார்கள். சிங்கப்பூர் அலைவரிசையில் தமிழ்ப்படம் ஓடும் நாளென்றால் அக்கம்பக்கத்து வீட்டாரும் வாசலில் நின்று யோசனை சொல்வார்கள்.

ஏரியல் எந்த ஊர்ப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். இன்னொரு விஷயத்தைப் பலர் கவனித்ததில்லை. கிடையாகப் படுத்திருக்க வேண்டிய கம்பிகள் காற்றில் சுழன்று நெட்டாக நின்றுவிட்டால், ஏரியல் சரியான ஊரைப் பார்த்திருந்தாலும் திரையில் படம் மங்கிப் போகும். ஏன்?

வானொலி அலை ஆடிக்கொண்டே வருகிறது. ஒரு கயிற்றின் முனையைப் பிடித்து மேலும் கீழும் உதறினால் அலை நெட்டாக ஓடும்; பக்கவாட்டில் உதறினால் கிடையாக ஓடும். ஒலிபரப்புக் கோபுரத்தின் கம்பி எந்த வாக்கில் இருக்கிறதோ, அந்த வாக்கில்தான் அதிலிருந்து புறப்படும் அலையும் ஆடும். வாங்கும் கம்பியும் அதே வாக்கில் இருந்தால்தான் அலையை முழுமையாகப் பிடிக்கும். அலை இப்படி ஒரே தளத்தில் ஆடுவதைத் தளவிளைவு என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆங்கிலவழி படித்தவர்கள் போலரைசேஷன் என்பார்கள். மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019இல் நிறுத்தப்பட்டது. கூரை ஏரியல்களில் பல துருப்பிடித்துப் போயின. அலையின் குணம் மாறவில்லை.

விண்மீன்களும் விண்மீன் மண்டலங்களும்கூட வானொலி அலைகளை அனுப்புகின்றன. அங்கே யாரும் கோபுரம் கட்டி வைக்கவில்லை. அப்படியானால் அந்த அலைகள் எந்த வாக்கில் ஆடும்? அதைத் தீர்மானிப்பது எது? பெரும்பாலும் அங்குள்ள காந்தப்புலம். காந்தப்புலம் கண்ணுக்குத் தெரியாது. விண்மீனுக்குப் போய்க் காந்த ஊசி வைத்துப் பார்க்கவும் முடியாது. வந்து சேரும் அலையின் கோணத்தை அளந்தால் மட்டும் அது எந்தப் பக்கம் கிடக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். வெளிச்சம் எவ்வளவு என்று அளப்பதைவிடக் கோணம் என்ன என்று அளப்பது சில சமயம் அதிகம் சொல்லும். இந்தக் கோணக் கணக்கின் வரலாற்றில் ஒரே தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் வருகிறார்கள்.

முதலாமவர் சர் சி.வி. ராமன். 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். 1921 செப்டம்பரில் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா என்ற கப்பலில் தாயகம் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை உறுத்தியது. கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிரதிபலிப்பே என்று ரேலி பிரபு போன்ற பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். ராமனின் சட்டைப்பைக்குள் நிக்கல் பட்டகம் என்ற சிறு கருவி ஒன்று இருந்தது. குறிப்பிட்ட வாக்கில் ஆடும் ஒளியை மட்டும் விட்டு மற்றதைத் தடுப்பது அதன் வேலை. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஒரு குறிப்பிட்ட சாய்வில் ஒரே தளத்தில் ஆடும். பட்டகத்தைத் திருப்பி அந்தத் தெறிப்பை ராமன் அணைத்தார். தெறிப்பு போன பிறகு கடல் கறுத்துவிடவில்லை. முன்னைவிட அழகான நீலமாகத் தெரிந்தது. நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது என்று பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே நேச்சர் இதழுக்கு எழுதினார்.

ஏழாண்டுகள் கழித்து, 1928இல், கல்கத்தாவில் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் திரவங்களில் சிதறும் ஒளியில் புதிய நிறம் ஒன்றைக் கண்டார்கள். அது சாதாரண ஒளிர்வுதானோ என்ற சந்தேகம் இருந்தது. அந்தப் புதிய ஒளி பலமாகத் தளவிளைவு கொண்டிருந்ததும், அது வேறு வகை என்று அவர்களுக்குக் காட்டிய தடயங்களில் ஒன்று. 1930இல் நோபல் பரிசு வந்த கதையை எல்லாரும் அறிவார்கள். அதற்குள் இந்தக் கோணத் தடயம் ஒளிந்திருப்பதைப் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் யாரும் சொல்வதில்லை.

இரண்டாமவர் ராமனுடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். விண்மீனின் வளிமண்டலத்துக்குள் ஒளி முட்டி மோதி வெளியே வரும்போது அதன் தளவிளைவு எப்படி மாறுகிறது என்று 1940களில் கணக்குப் போட உட்கார்ந்தார். அதற்கு ஒரு மொழி தேவைப்பட்டது. முழுக்க ஒரே தளத்தில் ஆடும் ஒளியைச் சொல்வது சுலபம். பாதி ஒழுங்கும் பாதி ஒழுங்கின்மையுமாக வரும் ஒளியை எப்படி எழுதுவது?

விடை பழைய நூலகத்தில் கிடந்தது. கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852இலேயே நான்கு எண்களால் எந்த ஒளியையும் விவரித்துவிடலாம் என்று காட்டியிருந்தார். மொத்த அளவு ஒன்று. கிடைக்கும் நெட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று. இரண்டு சாய்வுகளுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று. இடம்புரி வலம்புரியாகச் சுழலும் ஒளிகளுக்கு உள்ள வித்தியாசம் ஒன்று. அவ்வளவுதான். நான்கையும் கருவியால் நேரடியாக அளக்கலாம் என்பதே இதன் அழகு. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக வானியலார் சீண்டாமல் விட்டிருந்த இந்த நான்கு எண்களைச் சந்திரசேகர் தூசி தட்டி எடுத்து, 1950இல் வெளிவந்த தம் கதிர்வீச்சு நூலில் மையமாக வைத்தார். இன்று உலகின் எந்த வானொலித் தொலைநோக்கியில் தளவிளைவு அளந்தாலும் முடிவு அந்த நான்கு எண்களாகத்தான் எழுதப்படுகிறது. சந்திரசேகருக்கு 1983இல் கிடைத்த நோபல் பரிசு விண்மீன்களின் அமைப்பையும் பரிணாமத்தையும் பற்றிய ஆய்வுக்கானது. ஆனால் வானியலாரின் அன்றாடப் புழக்கத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பது இந்தச் சத்தமில்லாத வேலைதான்.

அந்தக் கணக்கிலிருந்து ஓர் எதிர்பாராத பயனும் விளைந்தது. வெப்பம் மிகுந்த விண்மீன்களின் விளிம்பு ஒளியில் தளவிளைவு இருக்க வேண்டும் என்று சந்திரசேகர் சொன்னார். அதைச் சோதிக்க ஹில்ட்னர், ஹால் என்ற இரு அமெரிக்க வானியலாளர்கள் கிளம்பினார்கள். தேடியது அவர்களுக்கு அகப்படவில்லை. வேறொன்று அகப்பட்டது. வெகுதொலைவு விண்மீன்களின் ஒளி, நடுவழியில் மிதக்கும் தூசியைக் கடந்து வரும்போது தளவிளைவு பெறுகிறது என்று 1949இல் இருவரும் அறிவித்தார்கள். நம் பால்வீதிக்கே ஒரு காந்தப்புலம் இருக்கிறது என்பதற்கு அது முக்கியமான சாட்சியாக அமைந்தது.

மூன்றாமவர் சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்னம். ராமனின் தங்கை மகன். பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் படிகங்களை வைத்துத் தளவிளைவு ஆராய்ந்தவர். ஒளியின் ஒவ்வொரு ஆட்ட வகையையும் ஓர் உருண்டையின் மேல் ஒரு புள்ளியாகக் குறிக்கும் முறை ஏற்கெனவே இருந்தது. அந்த உருண்டையின் மேல் ஒளியை ஒரு சுற்று சுற்றவைத்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாலும், அது பழையபடியே இருக்காது. சுற்றிய பரப்புக்கு ஏற்ப ஒரு சிறு கட்ட வேறுபாடு சேர்ந்திருக்கும் என்று 1956இல் எழுதினார். அப்போது வயது 22. இங்கிலாந்தின் மைக்கேல் பெர்ரி 1984இல் குவாண்டம் இயற்பியலில் இதன் பொதுவான வடிவத்தைச் சொன்ன பிறகுதான், பெங்களூரின் ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் பஞ்சரத்னத்தின் கட்டுரையை உலகுக்குச் சுட்டிக் காட்டினார்கள். பெர்ரியும் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். கேட்க பஞ்சரத்னம் இல்லை. 1969இல், 35 வயதில், ஆக்ஸ்ஃபர்டில் காலமாகிவிட்டார்.

பஞ்சரத்னத்தின் அண்ணன் ஒருவர் பெயரும் சந்திரசேகர்தான். விண்மீன் சந்திரசேகரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர் திரவப் படிக அறிஞர். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977இல் தம் குழுவினரோடு காட்டியவர். இன்று வீட்டுச் சுவரில் தொங்கும் எல்.சி.டி. தொலைக்காட்சி, திரவப் படிகத்தையும் இரண்டு தளவிளைவுத் தாள்களையும் வைத்தே படம் காட்டுகிறது. கூரை ஏரியலில் மட்டுமல்ல, திரைக்குள்ளும் கோணக் கணக்குதான்.

நான்காமவர் வி. இராதாகிருஷ்ணன், ராமனின் மகன். 1929இல் சென்னையில் பிறந்தவர். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மவர் மேடைகளில் இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "ரத்தத்திலேயே ஊறிய அறிவு" என்று முடித்துவிடுவார்கள். இராதாகிருஷ்ணனின் வாழ்க்கை அந்தப் பேச்சுக்கு அடங்காது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றதோடு சரி. முறைப்படி படித்து வாங்கிய முனைவர் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிடையாது. பிற்காலத்தில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தது. வானொலி வானியலை அவர் கற்றது அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் அல்ல. 1950களில் சுவீடனின் கோதன்பர்க் நகரில், சால்மர்ஸ் கழகத்தில், கருவிகளைக் கழற்றி மாட்டிக் கற்றார். பிறகு கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம். ஈயப்பற்று வைக்கும் கோலும் வாங்கிப் பெட்டியும்தான் அவருடைய பள்ளிக்கூடம்.

வானொலி அலைகளில் தளவிளைவை அளப்பது அப்போது பெரும்பாடு. விண்ணிலிருந்து வரும் அலை மிகமிக மெலிது. அதில் ஒரு சிறு பங்கு மட்டுமே ஒழுங்கான தளத்தில் ஆடும். வாங்கியைத் திருப்பித் திருப்பி அளவு கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க வேண்டும். தொலைநோக்கியே பொய்யான தளவிளைவை உண்டாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. 1957இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த மேயரும் சகாக்களும் நண்டு நெபுலாவில் வானொலித் தளவிளைவைக் கண்டபோது அது சில விழுக்காடு அளவே இருந்தது.

கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் 27 மீட்டர் அகலமுள்ள இரண்டு பெரிய வட்டில்கள் நின்றன. ரயில் நிலையக் காப்பியால் பெயர் பெற்ற ஊர்க்காரர்கள் கேட்டால் ரசிப்பார்கள்: அந்த வட்டில்கள் தண்டவாளத்தின் மேல் நகரக்கூடியவை. இரண்டுக்கும் இடையிலான தூரத்தை மாற்றி மாற்றி வைத்து, ஒரு பொருள் வானத்தில் எவ்வளவு அகலம் என்று கணிக்கலாம். இராதாகிருஷ்ணனும் ஜேம்ஸ் ராபர்ட்ஸும் 1960இல் அவற்றை வியாழன் கோளின் பக்கம் திருப்பினார்கள். வியாழனின் வெப்பத்துக்கு மிஞ்சிய வானொலி அலை அங்கிருந்து வருவது தெரிந்திருந்தது. காரணம் தெரியவில்லை. பூமியைச் சுற்றி 1958இல் கண்டுபிடிக்கப்பட்ட வான் ஆலன் துகள் வளையம் போல அங்கும் இருக்குமோ என்ற ஊகம் ஒன்று உலவியது.

அளவீடு இரண்டு விஷயங்களைச் சொன்னது. அலை வரும் பரப்பு, கோளின் விட்டத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். ஆகவே அது கோளின் உடலிலிருந்து வரவில்லை. சுற்றியுள்ள வெளியிலிருந்து வருகிறது. மேலும், அலையில் ஏறக்குறைய 30 விழுக்காடு, கோளின் நடுக்கோட்டுக்கு இணையாக ஆடுகிறது. காந்தப்புலத்தில் மாட்டிச் சுழலும் அதிவேக எலெக்ட்ரான்கள் புலத்துக்குக் குறுக்காகவே அலையை அதிர வைக்கும். அலை கிழக்கு மேற்காக ஆடினால் புலம் வடக்கு தெற்காக இருக்க வேண்டும். வேறொரு கோளுக்கும் பூமியைப் போலக் காந்தப்புலமும் துகள் வளையமும் உண்டு என்பது, எந்த விண்கலமும் அங்கே போவதற்கு முன்பே, கோணத்தை வைத்தே தெரிந்துவிட்டது. பயனியர் 10 வியாழனை நெருங்கி நேரில் பார்த்தது 1973 டிசம்பரில்தான்.

அடுத்து ஆஸ்திரேலியா. இராதாகிருஷ்ணன் சொந்தப் பாய்மரப் படகில் பெருங்கடல்களைக் கடந்து போய்ச் சேர்ந்தார். படகுக்கு அவர் வைத்த பெயர் சிக்னஸ் ஏ. வானத்தின் வலுவான வானொலி மூலங்களில் ஒன்றின் பெயர் அது. 1962இல் நம் விண்மீன் மண்டலத்துக்கு வெளியே தளவிளைவு காணப்பட்ட முதல் மூலங்களில் அதுவும் ஒன்று. படகுக்கு அம்மன் பெயரோ மனைவி பெயரோ வைக்கும் வழக்கத்துக்கு இது கொஞ்சம் மாறுதல்தான்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பார்க்ஸ் ஊரில், 1961இல் திறக்கப்பட்ட 64 மீட்டர் தொலைநோக்கி இருந்தது. 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆய்வு மாணவி, கடிகாரம் போலத் துல்லியமாகத் துடிக்கும் வானொலி மூலத்தைக் கண்டிருந்தார். அதுவே பல்சர். 1974இல் அதற்கான நோபல் பரிசு அவருடைய ஆசிரியர் ஹியூவிஷுக்குப் போனது, பெல்லுக்குப் போகவில்லை. அந்த மனத்தாங்கல் அறிவியல் உலகில் இன்றும் ஆறவில்லை. பல்சர் என்பது என்ன என்பதில் அப்போது கருத்து ஒற்றுமை இல்லை. விண்மீனே சுருங்கி விரிந்து துடிக்கிறது என்றது ஒரு கட்சி. கலங்கரை விளக்கம் போல ஒளிக்கற்றையோடு சுழலும் நியூட்ரான் விண்மீன் என்றது இன்னொரு கட்சி.

1968இல் ஆஸ்திரேலியாவின் மோலாங்லோ தொலைநோக்கி, வேலா விண்மீன் கூட்டத்தில் ஒரு பல்சரைக் கண்டது. 89 மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு. அதாவது விநாடிக்குப் பதினொரு தடவை. அவ்வளவு வேகத்தில் சுருங்கி விரிய வெள்ளைக் குள்ளன் போன்ற விண்மீன்களால் முடியாது. பார்க்ஸில் இராதாகிருஷ்ணனும் குக்கும் சகாக்களும் ஒவ்வொரு துடிப்பின் உள்ளேயும் அலையின் கோணம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். துடிப்பின் அலை கிட்டத்தட்ட முழுவதுமே ஒரே தளத்தில் ஆடியது. விண்ணில் அப்படிப்பட்ட சுத்தமான தளவிளைவு அபூர்வம். துடிப்பு தொடங்கி முடிவதற்குள் அந்தத் தளம் ஒழுங்காகத் திரும்பியது. முதலில் மெல்ல, நடுவில் வேகமாக, பிறகு மறுபடியும் மெல்ல.

இதன் பொருள் என்ன? விரித்த குடையை மேலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகள் நடுவிலிருந்து நாலாபக்கமும் ஓடுகின்றன. நடுப்பகுதிக்குச் சற்றுத் தள்ளி ஒரு விரலை நேர்க்கோட்டில் இழுத்தால், விரலுக்கடியில் வரும் கம்பியின் சாய்வு மெல்ல மாறும். நடுவை நெருங்கும்போது சட்டென்று திரும்பும். விலகியதும் மறுபடி மெல்ல மாறும். காந்த முனையிலிருந்து காந்தக் கோடுகள் குடைக்கம்பிகள் போலத்தான் விரிகின்றன. விண்மீன் சுழலும்போது அதன் காந்த முனை நம் பார்வைக்கோட்டைக் கடந்து போகிறது. நாம் காணும் கோண மாற்றம் அந்தக் கம்பிகளின் சாய்வே. 1969இல் இராதாகிருஷ்ணனும் குக்கும் வெளியிட்ட இந்த விளக்கம், கற்றை காந்த முனையிலிருந்து புறப்படுகிறது, விண்மீன் சுழல்கிறது என்ற இரண்டையும் ஒரே வளைகோட்டில் காட்டிவிட்டது. பல்சரின் சுழல் அச்சும் காந்த அச்சும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கணிக்க விரும்புகிறவர்கள் இன்றும் இந்த வளைகோட்டைத்தான் முதலில் வரைகிறார்கள்.

அதே ஆண்டு பிப்ரவரிக் கடைசியில், மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டிருந்த வேலா பல்சர் திடீரென்று வேகம் பிடித்தது. ஒரு சுற்றுக்கான நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 200 நூறு கோடியில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இராதாகிருஷ்ணனும் மான்செஸ்டரும் அதைப் பதிவு செய்தார்கள். கலிபோர்னியாவிலும் இருவர் தனியாகக் கண்டார்கள். ஜூலையில் நிலவில் மனிதன் நடந்த காட்சியைப் பிடித்து உலகத் தொலைக்காட்சிகளுக்கு அனுப்பியதில் பெரும்பங்கு ஆற்றியதும் இதே பார்க்ஸ் வட்டில்தான்.

ராமன் 1970 நவம்பரில் மறைந்தார். 1972இல் இராதாகிருஷ்ணன் பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தின் இயக்குநரானார். 1994 வரை அப்பொறுப்பில் இருந்தார். அந்த ஆண்டுகளில் அங்கே வானொலி வானியல் வேரூன்றியது. தமிழ்நாட்டில் கோவிந்த் சுவரூப் குழுவினர் உதகைக்கு அருகே முத்தோரையில், 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை 1970இல் கட்டி முடித்திருந்தார்கள். மலைச்சரிவையே கருவியின் சாய்வாக்கிய அருமையான கட்டுமானம். ஆனால் அதிலுள்ள 1,056 கம்பிகளும் வடக்கு தெற்காக ஒரே வாக்கில் கிடக்கின்றன. ஆகவே அதற்குக் கேட்பது ஒரு தளத்து அலை மட்டுமே. கோணத்தை முழுமையாக அளக்க இரு வாக்கிலும் கம்பி வேண்டும்.

இராதாகிருஷ்ணன் 2011 மார்ச் 3ஆம் தேதி பெங்களூரில் காலமானார். கைப்படப் படகும் சிறு விமானமும் கட்டுவதை முதுமையிலும் விடவில்லை. 2024 ஜனவரி 1ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எக்ஸ்போசாட் என்ற செயற்கைக்கோள் புறப்பட்டது. விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களின் தளவிளைவை அளப்பது அதன் பணி. அதற்கான போலிக்ஸ் என்ற கருவியை உருவாக்கியது அதே ராமன் ஆய்வுக் கழகம். அதற்கு முன்பு, 2021 டிசம்பரில் போன நாசாவின் இக்ஸ்பி செயற்கைக்கோள், வேலா பல்சரைச் சூழ்ந்த நெபுலாவை நோக்கியது. சில இடங்களில் எக்ஸ் கதிர்கள் 60 விழுக்காட்டுக்கு மேல் ஒரே தளத்தில் ஆடுவதாக 2022இல் முடிவு வந்தது.

மார்ச் மாத இரவு பத்து மணிவாக்கில் குளுவாங்கிலிருந்து தெற்கே பார்த்தால், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் வேலா விண்மீன் கூட்டம் நிற்கும். பல்சர் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஏறக்குறைய ஆயிரம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. வேலா என்ற இலத்தீன் சொல்லுக்குக் கப்பலின் பாய்கள் என்று பொருள்.